கால்பிடிப் பொறித் தேர்வு: பாதத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் முதல்முறையாக, பொறி வைத்து விலங்கு பிடிப்பதற்கான உரிமம் கேட்பவர்கள் ட்ராப்பர் எஜுகேஷன் என்ற பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். வகுப்பு, எழுத்துத் தேர்வு, சில இடங்களில் களத்தில் செய்முறை என்று அது போகும். நான் காட்டுயிர் ஆய்வுப் பணிக்காக இதைப் படித்தேன். கயோட்டிக்கோ (ஓநாயைவிடச் சிறிய, வட அமெரிக்க நாய் இன விலங்கு) செந்நரிக்கோ, இருக்குமிடம் காட்டும் ரேடியோ காலரைக் கழுத்தில் மாட்ட வேண்டுமென்றால் அதை உயிரோடு, கால் கெடாமல் பிடித்தாக வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ரோமத்துக்காகப் பிடிப்பவர்கள் வைக்கிற அதே கால்பிடிப் பொறிதான்: நடுவிலுள்ள தட்டை விலங்கு மிதித்ததும் இரண்டு தாடைகள் எழுந்து காலைப் பிடித்துக்கொள்ளும். பாடமும் ஒன்றேதான்.

தேர்வுக்குத் தயாராகும் பலர் பொறியின் பாகங்களில் தொடங்குகிறார்கள். தாடை, மிதிதட்டு, கொக்கி, ஸ்பிரிங் என்று பெயர்களை உருப்போட்டுவிட்டு, அளவு எண்களுக்குப் போகிறார்கள். நான் சொல்வது வேறு வழி. விலங்கின் பாதத்திலிருந்து தொடங்குங்கள். நல்ல பிடியில் தாடைகள் பாத மெத்தைக்குச் சற்று மேலே, காலின் குறுக்கே மூடியிருக்கும். விரல்களில் மட்டும் பிடித்தால் விலங்கு இழுத்துக்கொண்டு தப்பிவிடும், தப்பாவிட்டால் விரல் காயப்படும். அதாவது, தப்பவிடாத பிடியும் காயம் குறைவான பிடியும் பெரும்பாலும் ஒன்றுதான். இது மனதில் பதிந்துவிட்டால் பாடத்தில் வரும் ஒவ்வொரு அளவுக்கும் காரணம் தானாக விளங்கும். மனப்பாடம் செய்யவேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் மிதிதட்டின் இறுக்கம். எவ்வளவு எடை விழுந்தால் பொறி மூட வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. நரிக்கு 2 பவுண்டு அளவிலும் கயோட்டிக்கு 3, 4 பவுண்டு வரையிலும் வைப்பது வழக்கம். லேசான விலங்குகள் மிதித்தால் பொறி மூடாது என்ற காரணத்தை எல்லோரும் எழுதிவிடுவார்கள். இன்னொரு காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். இறுக்கம் சரியாக இருந்தால் விலங்கு தன் எடையை முழுதாக இறக்கிய பிறகே தட்டு விழும். அப்போது பாதம் தாடைகளுக்கு நடுவில் ஆழமாக இருக்கும், பிடி மெத்தைக்கு மேலே அமையும். தட்டு மிக லேசாக இருந்தால் விரல் நுனி பட்டதுமே பொறி மூடிவிடும். அப்புறம், தட்டு மெல்ல நழுவி இறங்கக் கூடாது, சட்டென்று விழ வேண்டும். காலடியில் ஏதோ நகர்வதை உணர்ந்தால் கயோட்டி காலைத் தூக்கிவிடும். தட்டில் கொக்கி உட்காரும் இடத்தில் ஒரு சிறு வெட்டு இருப்பது இதற்காகத்தான். இறுக்கத்தை விரலால் அழுத்தி ஊகிக்காதீர்கள், இறுக்கம் அளக்கும் கருவியை வைத்துப் பாருங்கள்.

செய்முறையில் அதிக மதிப்பெண் போகிற இடம், பொறியை மண்ணில் பதிப்பதுதான். என் கணிப்பில் இந்தத் தொழிலின் பாதித் திறமை இதில் இருக்கிறது. பொறி துளிகூட ஆடக் கூடாது. தாடையின் ஓரத்தையோ ஸ்பிரிங்கையோ விலங்கு மிதிக்கும்போது பொறி சாய்ந்தால், ஒன்று அது விலகிப் போகும், இல்லையேல் மண்ணைத் தோண்டிப் பொறியை வெளியே போட்டுவிடும். பொறியைவிடக் கொஞ்சமே பெரிய குழி வெட்டுங்கள். அடியில் மண்ணைச் சமப்படுத்தி, பொறியை அழுத்தி உட்கார வைத்து, தாடைகளுக்கு வெளிப்பக்கம் முழுவதும் மண்ணை விரலால் இறுக்குங்கள். பிறகு தாடைகளின் நான்கு மூலைகளையும் இரண்டு ஸ்பிரிங் பக்கங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். தேர்வாளரும் அதைத்தான் செய்து பார்ப்பார். மிதிதட்டின் அடியில் மட்டும் மண் போகக் கூடாது, அங்கே வெற்றிடம் இருந்தால்தான் தட்டு விழும். அதற்காகத் தட்டின் மேல் மெழுகுத் தாளோ வலைத் துணியோ வைத்து மூடுவார்கள். அதற்கும் மேலே சல்லடையில் சலித்த மண், கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை. கூழாங்கல் ஒன்று தாடைகளுக்கு இடையில் சிக்கினால் பொறி முழுதாக மூடாது. சலிப்பதன் காரணம் இதுவே. குளிர்காலத்தில் ஈரமண் உறைந்து பொறியைப் பூட்டிவிடும் என்பதால் மெழுகு கலந்த உலர்மண்ணோ பீட் மாஸோ (உலர்ந்த பாசித் தூள்) போடுவார்கள்.

அடுத்தது பொறிக்கும் வாசனைக் குழிக்கும் இடையிலுள்ள தூரம். சாய்வாகத் தோண்டிய சிறு குழியில் இரையை வைத்து, அதன் முன்னால் பொறியைப் பதிப்பது நாய் இன விலங்குகளுக்கான அடிப்படை முறை. நரி என்றால் குழி விளிம்பிலிருந்து தட்டின் நடுப்புள்ளி 6, 7 அங்குலம் தள்ளி இருக்கும், கயோட்டிக்கு 8, 9 அங்குலம். உடல் பெரிதாகும்போது மூக்குக்கும் முன்காலுக்கும் உள்ள தூரமும் கூடுகிறது, வேறொன்றுமில்லை. பொறியைக் குழிக்கு நேர்கோட்டில் வைக்காமல் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் பக்கவாட்டில் நகர்த்துவதும் இதே காரணத்தால்தான்: குழியை முகரும்போது மூக்கு நடுவில் இருக்கும், முன்கால்கள் இரண்டும் அதற்கு இருபுறமும் ஊன்றியிருக்கும். சிறு குச்சி, மண்கட்டி, கல் ஆகியவற்றை வைத்து, கால் விழும் இடத்தை மேலும் குறுக்கலாம். விலங்கு மிதிக்க விரும்பாத பொருளைச் சுற்றி வைத்தால், மிதிக்க வசதியான இடம் தட்டு மட்டும்தான் என்றாகிவிடும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. எனக்கு மிகவும் உதவியது என்பதால் சொல்கிறேன். காகிதத்தில் தாடைகளையும் பாதத்தையும் வரையுங்கள், பிடி தவறான இடத்தில் விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரல் மட்டும் மாட்டியிருக்கிறது என்றால், காரணம் என்னவாக இருக்கலாம்? தட்டு லேசாக இருந்திருக்கலாம், பொறி குழிக்கு அதிக நெருக்கத்தில் இருந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்து தாடை மெதுவாக எழுந்திருக்கலாம், மேல்மண் உறைந்திருக்கலாம். இப்படிப் பின்னோக்கி யோசித்துப் பழகினால், காரணம் கேட்கும் கேள்வி எப்படி வந்தாலும் தடுமாற மாட்டீர்கள்.

மாட்டிய பிறகு விலங்கு என்ன செய்யும் என்பது தனிப் பகுதி. அது சுற்றும், பாயும், தோண்டும். சங்கிலியில் குறைந்தது இரண்டு சுழல் வளையங்களாவது இருந்தால் கால் முறுக்காது. அதிலொன்று பொறியின் அடித்தட்டு நடுவிலேயே இருப்பது நல்லது. சங்கிலி குட்டையாக இருந்தால் ஓடி வேகம் எடுக்க இடமிருக்காது, இடையில் ஓர் அதிர்வு ஸ்பிரிங் இருந்தால் இழுப்பின் வேகம் தணியும். மண் இறுக்கமாக இருந்தால் ஒரு முளைக்கம்பி போதும். மணற்பாங்கான இடத்தில் இரண்டைக் குறுக்காக அடிக்க வேண்டும், அல்லது மண்ணுக்குள் ஆழமாக அடித்து இறக்கும் கேபிள் நங்கூரத்தைப் பயன்படுத்த வேண்டும். சங்கிலி எட்டும் தூரத்துக்குள் வேலியோ இளமரமோ இருக்கவே கூடாது. சங்கிலி அதில் சுற்றிக்கொண்டால் சுழல் வளையங்கள் இருந்தும் பயனில்லை. தாடைகள் விஷயத்தில், மூடிய பிறகும் சிறு இடைவெளி விடும் தாடை, அகலம் கூட்டிய தாடை, ரப்பர் வைத்த தாடை மூன்றையும் படியுங்கள். அழுத்தத்தைக் கூட்டாமல் உறுதியாகப் பிடிப்பதுதான் மூன்றின் நோக்கமும்.

எழுத்துத் தேர்வில், பொறிகள் எப்படி இருக்க வேண்டும் என்ற தரங்களின் பின்னணியும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 1991-இல் கொண்டுவந்த 3254/91 என்ற ஒழுங்குமுறை, ஒன்றியத்துக்குள் கால்பிடிப் பொறிகளை 1995 தொடக்கத்திலிருந்து தடை செய்தது. அந்தப் பொறிகளைத் தடைசெய்யாத, மனிதநேயத் தரங்களையும் பின்பற்றாத நாடுகளின் ரோமத்துக்கும் கதவடைக்கப் பார்த்தது. அமெரிக்காவில் மாநில வனவிலங்குத் துறைகளின் கூட்டமைப்பு உருவாக்கிய சிறந்த நடைமுறை வழிகாட்டிகளுக்கு இந்த நெருக்கடியும் ஒரு தூண்டுதல். விலங்கு நலன், செயல்திறன், இலக்கு விலங்கை மட்டும் பிடிக்கும் தன்மை, நடைமுறைக்கு ஏற்றது, பாதுகாப்பு ஆகிய ஐந்தும் அதன் அளவுகோல்கள். பொறியை மூடச் செய்த விலங்குகளில் குறைந்தது 60 சதவீதத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பிடிபட்டவற்றில் குறைந்தது 70 சதவீதம் காயமே இல்லாமலோ, மிதமான அளவைத் தாண்டாத காயத்தோடோ இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களும் நினைவில் இருக்கட்டும்.

ரக்கூனுக்கு (கையைப் போல முன்பாதத்தைப் பயன்படுத்தும் வட அமெரிக்க விலங்கு) எந்தப் பொறி ஏற்றது என்ற கேள்வியைக் கவனமாகப் படியுங்கள். சாதாரணக் கால்பிடிப் பொறியில் மாட்டிய ரக்கூன் தன் பாதத்தைத் தானே கடித்துக்கொள்ளக் கூடும். ரக்கூன் குழாய்க்குள் முன்பாதத்தை விட்டு இழுத்தால் மட்டும் மாட்டுகிற, குழாய் வடிவப் பொறியில் இந்தச் சிக்கல் குறைவு. நாயும் பெரும்பாலும் அதில் மாட்டாது. பதில் பெரும்பாலும் அதுதான்.

பொறியைச் சோதிக்கும் கால இடைவெளி, பெயர்த் தகடு, பருவத் தேதி, பாதையிலிருந்து விடவேண்டிய தூரம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா 2019-இல் ரோமத்துக்காகப் பொறி வைப்பதையே நிறுத்திவிட்டது. அதனால் பழைய குறிப்புகளை நம்பாமல், உங்கள் மாநிலம் இந்த ஆண்டு வெளியிட்ட விதிப் புத்தகத்தைப் படியுங்கள். பல இடங்களில் சோதனை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. சட்டம் அதிக அவகாசம் தந்தாலும் தினமும் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். காத்திருக்கும் நேரம் நீள நீளக் காயமும் கூடும், தப்பும் வாய்ப்பும் கூடும்.

செய்முறையில் வளர்ப்பு நாய் மாட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். சுருக்குக் கோலால் கழுத்தைப் பிடித்து நிறுத்துவது, கோட்டையோ போர்வையையோ தலைமேல் போட்டு அமைதிப்படுத்துவது, இரண்டு ஸ்பிரிங்குகளையும் காலால் ஒருசேர மிதித்துத் தாடையைத் திறப்பது, பாதத்தைச் சோதிப்பது, உரிமையாளருக்குத் தெரிவிப்பது என்று வரிசையாகச் சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல், வெறும் பொறியை வைத்து அந்த மிதியைச் செய்தும் காட்டுங்கள்.