தஸ்ராக்: அரை நாள் போதும், ஆனால் காலையிலேயே போகணும்

மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' நாவலைப் படித்த கோவை, பொள்ளாச்சிக்காரர்கள் தவறாமல் கேட்பது, அப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்பதைத்தான். இருக்கிறது. பெயர் தஸ்ராக். பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு திசையில், பத்து கிலோமீட்டருக்குள். 1956-ல் விஜயனின் சகோதரி சாந்தா அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தார். கூடப் போய்த் தங்கிய விஜயன் எழுதத் தொடங்கிய நாவல் புத்தகமாக வந்தது 1969-ல்.

உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறினால் வாளையார் வழியாக ஒன்றரை மணி நேரம். செக்போஸ்டில் லாரி வரிசை நின்றால் இரண்டு. ரயில் என்றால் பாலக்காடு ஜங்ஷன் இருப்பது ஒலவக்கோட்டில். டவுன் அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் என்பதை மறந்துவிட்டு இறங்கி முழிப்பவர்கள் உண்டு. பொள்ளாச்சிக்காரர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கொல்லங்கோடு வழி ரயில் பாலக்காடு டவுன் ஸ்டேஷனிலேயே நிற்கும். டவுனிலிருந்து ஆட்டோ பேசும்போது போய்வர, வெயிட்டிங்கோடு சேர்த்துப் பேசிவிடுங்கள். போகும்போது மட்டும் பேசினால், திரும்ப வண்டிக்காக வயலோரம் வெயிலில் நிற்க வேண்டிவரும். நாவலில் வரும் இடப்பெயர்களைச் சொல்லி வழி கேட்க வேண்டாம். தஸ்ராக் என்று சொல்லுங்கள், புரியவில்லை என்றால் 'விஜயன் ஸ்மாரகம்', அதாவது அவர் நினைவகம். அன்றைக்கு ஸ்மாரகம் திறந்திருக்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

சொந்த வண்டி இருந்தால் வழியில் ஹைவேயை விட்டுக் கொஞ்சம் உள்ளே போய் ராமசேரியில் காலை டிபனை முடித்துக்கொள்ளலாம். பானை வாயில் நூல் வலை கட்டிய மண் வளையம் வைத்து, அதன்மேல் துணி விரித்து மாவு ஊற்றி, விறகடுப்பில் வேகவைக்கும் இட்லி. தட்டையாக, சின்ன ஆப்பம் போல இருக்கும். பொடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் அது. இதைச் சாப்பிட்டுப் போவதே நல்லது, தஸ்ராக்கில் ஹோட்டலை நம்ப முடியாது. தண்ணீர் பாட்டிலும் கையோடு.

மலைக்கிராமத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நாவலின் செதலி மலையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் காண்பது சமதளத்து நெல்வயல். மலை தெற்கே தூரத்தில் நெல்லியாம்பதித் தொடராக நிற்கும். பார்க்க வேண்டியது ஞாற்றுப்புரை, நாவலில் பள்ளிக்கூடம் நடக்கும் இடம். மலையாளத்து 'ஞாறு' நம்முடைய நாற்றுதான், 'புர' வீடு. ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம், பத்தே நிமிடத்தில் சுற்றிவிடலாம். அப்படிச் சுற்றாதீர்கள். விஜயன் பல பத்திரிகைகளுக்கு வரைந்த கார்ட்டூனிஸ்ட். ஸ்மாரகத்தில் இருக்கும் கார்ட்டூன்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். வளாகத்தில் நாவல் பாத்திரங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். படிக்காமல் வந்தவர்களுக்கு அவை வெறும் சிலை.

எதைப் படிப்பது? யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பு போதும், 2017-க்கான சாகித்ய அகாதமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றது. விஜயனே செய்த ஆங்கில வடிவம் 1994-ல் வந்தது. அது கிட்டத்தட்ட வேறொரு புத்தகம், முதலில் அதை எடுக்க வேண்டாம்.

நாவலின் கசாக்கில் ஈழவர்களும் ராவுத்தர்களும் குடியிருக்கிறார்கள். செய்யது மியான் ஷேக் ஆயிரத்தொரு குதிரைகளோடு வந்ததாக அவர்களிடையே ஒரு கதை. ராவுத்தர் என்றாலே குதிரை வீரன்தான். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று கூப்பிட்டவர். பாலக்காட்டுப் பக்கம் பல ராவுத்தர் வீடுகளில் இன்றும் பேச்சு தமிழ். அதனால் கூகுள் மொழிபெயர்ப்பை நீட்டாமல் தமிழிலேயே பேசிப் பாருங்கள், மெதுவாக. பாதிக்குப் பாதி புரிந்துகொள்வார்கள், பதிலும் பாதித் தமிழில் வரும். பெரியவர்களிடம் 'அப்புக்கிளி யாரு, மைமூனா வீடு எது' என்று மட்டும் துருவ வேண்டாம். நீங்கள் பேசுவது நாவல் பாத்திரங்களிடம் இல்லை, ஊர்க்காரர்களிடம்.

பள்ளிவாசலுக்குள் கேட்டுவிட்டுப் போகலாம். அறபிக்குளத்தில் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

மார்ச் முதல் மே வரை தவிர்க்கவும், பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். ஜூன், ஜூலையில் வயல் பச்சை, ஆனால் வரப்பெல்லாம் சேறு. ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு. எங்கள் ஓட்டு டிசம்பர், ஜனவரிக்கு. அப்போது கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும், நம் பக்கத்துக் காற்று. பனைகள் முன்போல இல்லை, நிறையப் போய்விட்டன. மிச்சமிருப்பதில் காய்ந்த மட்டை தொங்கும் மரமாகப் பார்த்துப் பக்கத்தில் நில்லுங்கள், கொஞ்சம் தள்ளியே, மட்டை விழும். பச்சை ஓலை சலசலக்கும். காய்ந்தது கரகரவென்று தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கேட்கும். அந்த இரண்டாவது சத்தத்துக்காகத்தான் காலையில் போகச் சொல்கிறோம். பத்து மணிக்குமேல் ரோட்டில் வண்டி கூடிவிடும்.