ஆனியில் அறுவை சிகிச்சை, ஆவணியில் தையல் மிஷின்

புற்றுநோய்க்காக எடுத்த மார்பகத்தை மறுபடி உருவாக்கிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் முதலில் வந்த கேள்வி, "இந்த வயதில் எதற்கு?" என்பதுதான். கேட்டவர் என் மாமியார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. கீமோ, கதிர்வீச்சு என்று நான் அலைந்த காலம் முழுவதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்காகக் காத்துக் கிடந்தவர் அவர். பிழைத்து வந்தவள் மறுபடியும் கத்திக்குப் போகிறேன் என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

நான் தையற்காரி. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளத்துக்குள் இருந்தாலும் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ் புழங்கும் ஊர். ஓணம் வந்தால் கசவுச் சேலைக்கு ஜாக்கெட், பொங்கல் வந்தால் பட்டுக்கு ஜாக்கெட் என்று ஆண்டு முழுவதும் மிஷின் ஓடும். மிஷினில் குனிந்து உட்காரும்போதெல்லாம் உள்ளாடைக்குள் வைத்திருந்த செயற்கை மார்பு முன்னால் நழுவும். சித்திரை வெயிலில் அதன் அடியில் வியர்த்து, கதிர்வீச்சு பட்ட தோல் புண்ணாகும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் வெறுமை என்று தோள்பட்டை ஓயாமல் வலித்தது. இவை எல்லாம் காரணங்கள். இவை எதுவும் இல்லாமல், கண்ணாடியில் என்னை முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டுமே இருந்திருந்தாலும் செய்திருப்பேன். அந்த ஆசையைப் பற்றி ஒரு பெண் யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

கோயம்புத்தூரில் என்னைப் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, சிலிகான் வைப்பது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் அதற்குச் சிக்கல்கள் அதிகம் என்றும் அவரே சொன்னார். இன்னொன்று, தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் நாளத்தோடு எடுத்து மார்பில் பொருத்துவது. டீப் ஃபிளாப் என்கிறார்கள். வயிற்றுத் தசையை விட்டுவிட்டு, அதற்குள் ஓடும் நாளத்தை மட்டும் பிரித்தெடுத்து, நெஞ்செலும்பை ஒட்டி ஓடும் நாளத்தோடு நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறார்கள். அந்த நூல் தலைமுடியை விட மெல்லியது என்றார். நூலோடு வாழ்கிற எனக்கு அதைக் கேட்டபோது ஒரு மரியாதை வந்தது. இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். முன்கூட்டி வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து எந்த நாளம் தோதாக இருக்கிறது என்று பார்த்தார்கள். ரத்தம் உறையக்கூடும் என்பதால், புற்றுநோய் திரும்பாமல் இருக்க நான் சாப்பிட்டுவந்த டமாக்ஸிஃபென் மாத்திரையைப் புற்றுநோய் மருத்துவரிடம் கலந்துபேசிச் சில வாரங்கள் நிறுத்திவைத்தார்கள். இந்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொன்ன பிறகு தொடங்காமல் இருக்கவும் கூடாது.

அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒரு போராட்டம். என் கணவரின் வேலையிடத்துக் காப்பீட்டில் முன் அனுமதி கேட்டபோது, "இது அழகுக்கான சிகிச்சை" என்று மறுத்துவிட்டார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 2019-இல் வகுத்த விலக்குகளில், அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று சொல்லும் பிரிவிலேயே, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு அது பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் அந்த வரி இருக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து, சர்ஜனின் கடிதத்தோடு இணைத்து அனுப்பினோம். அனுமதி வந்தது. மறுப்புக் கடிதத்தைப் பார்த்து மனம் ஒடிந்து வீட்டோடு இருந்துவிட்ட பெண்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

அறுவை சிகிச்சை நாள் எனக்கு நினைவில் இல்லை. விடிந்ததும் உள்ளே போனேன். கண் விழித்தபோது இரவாகியிருந்தது. அதற்குப் பிந்தைய இரவுகள்தான் நினைவிருக்கின்றன. முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் முக்கியம். தைத்த நாளத்தில் அடைப்பு விழுந்தால் உடனே தியேட்டருக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அதனால் மணிக்கொரு தரம் நர்ஸ் வருவார். புதிய மார்பின் தோலை விரலால் அழுத்தி, வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். புறங்கையால் சூடு பார்ப்பார். பிறகு பேனா போன்ற ஒரு கருவியை வைத்துக் கேட்பார். உஸ், உஸ் என்று ரத்தம் ஓடும் சத்தம் வரும். இரவு நர்ஸ் ஒரு மலையாளிப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். அந்தச் சத்தம் வந்ததும் "கேட்டீர்களா சேச்சி?" என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்பார். தூக்கத்திலும் தலையாட்டுவேன்.

வயிற்றின் வலிதான் பெரிது. இதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். எல்லோரும் மார்பைப் பற்றியே விசாரிப்பார்கள். மார்பு அநேகமாக மரத்துப்போய்க் கிடக்கும். ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை தைத்திருக்கிற வயிறுதான் இருமினாலும், சிரித்தாலும், கட்டிலிலிருந்து எழுந்தாலும் உயிரை வாங்கும். நிமிர்ந்து நடக்க முடியாது. நிமிர்ந்தால் தையல் இழுக்கும் என்று சில வாரங்களுக்குக் கூனியேதான் நடக்கச் சொன்னார்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை, முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு என்று பாதி உட்கார்ந்த நிலையில்தான் தூக்கம். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். வேலந்தாவளம் வழியாகக் காரில் வீடு திரும்பும்போது அதே தலையணையை சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் என் கணவர் வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே ஏற்றினார்.

வீட்டுக்கு வரும்போது உடம்பிலிருந்து குழாய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. காயத்துக்குள் ஊறும் நீரை வெளியே இழுக்கும் டிரெயின் குழாய்கள். ஒவ்வொன்றின் முனையிலும் கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் குடுவை. காலையும் மாலையும் அதைத் திறந்து, நீரை அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதி, குடுவையை நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால்தான் அந்தக் குழாயை எடுப்பார்கள். குழாய்க்குள் ரத்தக்கட்டி அடைக்காமல் இருக்க, உடம்பை ஒட்டிய இடத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களால் குழாயை நசுக்கியபடி கீழ்நோக்கி உருவிவிட வேண்டும். என் கணவர் முயன்றபோது கை நடுங்கியது. குழாய் இழுபட்டு எனக்கு உயிர் போனது. மாமியார் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, "தள்ளு தம்பி, நான் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் மாடு கறந்த கை. மேலே பிடித்த விரல் அசையவில்லை. கீழே வந்த விரலில் அவசரமில்லை. தேங்கியிருந்த கட்டி ஒரே சீராக நழுவிக் குடுவைக்குள் விழுந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எதற்கு என்று கேட்டவர், கடைசிக் குழாய் எடுக்கும் வரை வேறு யாரையும் அதைத் தொடவிடவில்லை.

ஊரும் வந்தது. எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துப் பெண்கள், அதாவது எங்கள் சுயஉதவிக் குழுவினர், முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. கூடவே பத்தியமும் வந்தது. முட்டை ஆகாது, கத்திரிக்காய் கிரந்தி, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காயம் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் எழுதியே கொடுத்திருந்தார். அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தோம். முட்டை, மீன், பச்சைப்பயறு, தயிர் எல்லாம் சாப்பிட்டேன்.

பத்தியத்தை விட ஆபத்தானது ஒத்தடம். அன்பின் மிகுதியில் ஓர் அத்தை ஆமணக்கு இலையைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். தொப்புளுக்குக் கீழேயும் புதிய மார்பிலும் எனக்கு உணர்ச்சி இல்லை. நரம்பு அறுபட்ட தோலுக்குச் சூடு தெரியாது. வெந்து கொப்புளம் எழுந்த பிறகு கண்தான் சொல்லும். ஒத்தடம் மட்டுமல்ல, சூடான குக்கரை இடுப்போடு அணைத்து இறக்குவது, அயர்ன் பாக்ஸின் பக்கத்தில் ஒட்டி நிற்பது, எல்லாவற்றிலும் கவனம் வேண்டும்.

ஆடிக் காற்று தொடங்கியபோது வயிற்றுத் தையலின் நடுவில் ஓர் இடம் விட்டுவிட்டது. மிகவும் இழுபடும் இடம் அதுதான் என்பதால் இப்படி ஆவதுண்டு என்று சர்ஜன் சொன்னார். மறுபடி தைக்காமல், டிரெஸ்ஸிங் செய்தே உள்ளிருந்து வெளியாக ஆற விட்டார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் புழுதியை வாரி இறைக்கும் மாதம் அது. சன்னல்களைச் சாத்திவிட்டு, பக்கத்து வீதியில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா வந்து துணி மாற்றுவார். மெதுவாக, மிக மெதுவாக மூடியது.

கைக்கான பயிற்சி தனி. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கம் அது. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் ஏறுவது, முழங்கையை மடக்கித் தோளைச் சுற்றுவது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதைத் தினமும் செய்தேன். கை வீங்கிவிடக் கூடாது என்று அந்தக் கையில் இன்றும் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி குத்தவோ விடுவதில்லை. தைக்கும்போது அந்தக் கை விரலுக்கு அங்குஸ்தான் போடாமல் ஊசியைத் தொடுவதும் இல்லை.

ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது, வயிற்றுப் பட்டை கழற்றக் கூடாது. குடம், அரிசி மூட்டை, பேரக்குழந்தை, எல்லாம் கனம்தான். ஓண ஆர்டர்கள் கை நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆவணியில் சர்ஜன் அனுமதி கொடுத்தார். காலால் மிதிக்கும் மிஷினை மிதித்தால் அடிவயிறு இழுத்தது. அதனால் மோட்டார் மாட்டிக்கொண்டு, அரை மணி தைத்து, அரை மணி படுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினேன். முதலில் தைத்தது எனக்கு ஒரு ஜாக்கெட். அளவு நாடாவை வைத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் அரை அங்குலம் வித்தியாசம். வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் ஒன்றைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் சரியாகிவிடும். எந்த நோயும் இல்லாத பெண்களுக்கு எத்தனையோ முறை அப்படிப் பிடித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்த பெண்ணை இந்தத் தொழிலில் நான் பார்த்ததே இல்லை.

மார்கழியில் ஒரு பயம் வந்தது. குளிக்கும்போது புதிய மார்பின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் கல் போல ஒரு கட்டி தட்டுப்பட்டது. நனைந்த தலையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முதல் கட்டியும் இப்படித்தான் கையில் பட்டது. மறுநாளே கோயம்புத்தூர் போனோம். ஸ்கேன் பார்த்து, ஊசி வைத்துச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும் வரை வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இடம் மாற்றிய கொழுப்பில் ஒரு பகுதிக்கு ரத்தம் போதாமல் இறுகிப்போய்விட்டது, புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்படி வருவதுண்டாம். ஆனாலும் கையில் எது பட்டாலும் காட்டிவிட வேண்டும். எதுவாக இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவு செய்யக் கூடாது.

இப்போது நிமிர்ந்துதான் நடக்கிறேன். வயிற்றுத் தழும்பு கறுத்து, பிறகு வெளிறிக்கொண்டு வருகிறது. மார்பின் ஓரங்களில் உணர்ச்சி லேசாகத் திரும்பியிருக்கிறது, நடுவில் இல்லை. காம்பைச் சிறு அறுவை சிகிச்சையிலோ பச்சை குத்தியோ உருவாக்கலாம் என்கிறார்கள். செய்துகொள்வதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அவசரமும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் எனக்காகப் பருத்தித் துணியில் சில குடுவைப் பைகள் தைத்து வைத்திருந்தேன். கழுத்தில் மாட்ட ஒரு நாடா, இடுப்பில் கட்ட ஒரு நாடா, குழாய் நுழையப் பக்கவாட்டில் ஒரு திறப்பு. கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ள முன்பக்கம் முழுதும் திறக்கும் நைட்டிகளும் தைத்திருந்தேன். அவற்றைப் பார்த்த வார்டு நர்ஸ்கள் இப்போது புதிதாக வருகிறவர்களை என்னிடம் அனுப்புகிறார்கள். நைட்டிக்குத் துணியும் அளவும் கொடுத்துவிட வேண்டும். பைக்கு நான் காசு வாங்குவதில்லை. எத்தனை குழாய் வைப்பார்கள் என்று சர்ஜனிடம் கேட்டுச் சொன்னால் போதும்.