கண்ணுக்கு விருந்து, கைக்குப் பட்டினி

மார்ச் 3

புது ரெட்ரோ ஷூட்டர் ஒன்றை, அதாவது பழைய கேம்களின் பாணியில் செய்த சுடும் கேம் ஒன்றை, ஆரம்பித்தேன். சின்னக் குழு செய்தது, பெயர் வேண்டாம். வந்ததும் சுடத் தோன்றவில்லை, சுற்றிப் பார்த்துக்கொண்டே நின்றேன். செம்மஞ்சள் வானம், கீழே பாதி இடிந்த உருக்காலை, சுவரெல்லாம் துரு. நடக்கும்போது சுவரோரங்கள் லேசாக நடுங்குகின்றன. கேமராவைத் திருப்பினால் தரைக் கட்டங்கள் நெளிகின்றன. 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனில் ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். உருவத்தின் முனைகளை அந்தக் கருவி முழுப் பிக்சல்களில்தான் வைக்கும். டெக்ஸ்ச்சரை, அதாவது பரப்பின் மேல் வரும் படத்தை, ஒட்டும்போது எது கிட்டே, எது தூரம் என்று பார்க்காது. அன்றைக்கு அது குறை. இங்கே அதை வேலைமெனக்கெட்டுச் செய்து வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 4

ஷாட்கன் கிடைத்தது. தோட்டா போடும் அனிமேஷனை மட்டும் பத்து முறை பார்க்கலாம். ஆனால் சுட்டால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ஒரு 'டப்'. ரத்தம் தெறிக்கிறது, ஆள் அசைவதில்லை. அதே வேகத்தில் நடந்து வந்து, திடீரென்று விழுகிறான். பட்டதா படவில்லையா என்று ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 6

எரிச்சலில் பழைய ஷூட்டரான டூமைத் திறந்தேன். 1993இல் வந்தது. 320க்கு 200 பிக்சல், 256 வண்ணம். அருகில் போனால் எதிரி வெறும் சதுரங்களாகிவிடுவான். ஆனாலும் கை ஓயவில்லை.

ஏன் என்று கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன். அங்கே ஒவ்வொரு எதிரிக்கும், அடி விழுந்தால் துடித்து நிற்பதற்கு ஒரு வாய்ப்பு எண் உண்டு. கக்கோடீமன் என்ற மிதக்கும் அரக்கனுக்கு 256இல் 128, அதாவது பாதிக்குப் பாதி. செயின்கன் என்ற தொடர்துப்பாக்கியை விடாமல் பிடித்தால் அந்தச் சிவப்பு உருண்டை வாயைத் திறக்கவே திணறும். துப்பாக்கிக்காரன் சுட்டால் குண்டு உடனே பாய்ந்துவிடும், எனவே அவனை முதலில் முடிக்க வேண்டும். இம்ப் என்ற குட்டிப் பிசாசு எறியும் தீ உருண்டை மெதுவாக வரும், நகர்ந்துகொள்ளலாம். பிங்க்கி என்ற இளஞ்சிவப்பு மிருகம் கடிக்க மட்டுமே வரும். மூன்றும் ஒரே அறையில் இருந்தால் யாரை முதலில் என்பதே ஆட்டம். அப்புறம் இம்பின் தீ பிங்க்கி மேல் பட்டால் போதும், அதுகளே அடித்துக்கொள்ளும். நாம் ஓரமாக நின்று குண்டை மிச்சப்படுத்தலாம்.

நம் புது கேமில் இதுவரை ஏழு வகை எதிரிகள். ஏழும் நேராக நம்மை நோக்கி வருகின்றன. சிலதுக்குக் கொம்பு இருக்கிறது. பிக்சலை எடுத்துக்கொண்டவர்கள் இதையும் எடுத்திருக்கலாம், இதற்கு ஓவியர்கூடத் தேவையில்லை.

மார்ச் 7

ஆடியதைவிட ஸ்கிரீன்ஷாட் எடுத்ததே அதிகம்.

மார்ச் 10

அறைக்குள் போனால் கதவு பூட்டிக்கொள்ளும், எல்லாரையும் கொன்றால் திறக்கும். அடுத்த அறை, மறுபடி அதே. நீலச் சாவி, சிவப்புச் சாவி எல்லாம் உண்டு. ஆனால் சாவிக்குப் பக்கத்திலேயே கதவு.

ஒரு லெவல் மட்டும் விதிவிலக்கு. மின்சாரம் போன சுரங்கம். சுடும்போது துப்பாக்கி வாயில் வரும் வெளிச்சம்தான் வழி காட்டுகிறது. பாதையைப் பார்க்கவே ஒரு குண்டைச் செலவழிக்க வேண்டும், வெளிச்சம் வந்ததும் எதிரிகளும் திரும்பிப் பார்க்கிறார்கள். சத்தமும் இங்கே தேவலாம். அந்த ஓவியமும் ஆட்டமும் முதன்முதலாக ஒன்றாக வேலை செய்த இடம் இது. யாரோ ஒருவர் அந்தக் குழுவில் விஷயம் தெரிந்தவர், அவரிடம் ஒரு லெவலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள் போல.

மார்ச் 13

கடைசி பாஸ், அதாவது முடிவில் வரும் பெரிய எதிரி. உலைக்குள்ளிருந்து எழுந்து வரும் இரும்பு ராட்சதன், உடம்பெல்லாம் கனல் ஒழுகுகிறது. வட்டமாக ஓடிக்கொண்டே சுட்டால் போதும், அவன் கை ஒருமுறைகூட நம் மேல் படாது. உயிர்க்கோடு குறையத்தான் யுகமாகிறது. பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 15

அப்டேட் வந்திருக்கிறது. ஷாட்கன்னைத் தொட்டிருக்கிறார்களா என்று குறிப்பு முழுக்கத் தேடினேன். புதிதாக நான்கு வானங்கள் சேர்த்திருக்கிறார்களாம்.