அபராதம் கட்டி முடித்த வழக்கைத் திரும்பத் திறப்பது

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய ஒருவர், சில ஆண்டுகள் கழித்து அந்தத் தண்டனையை ரத்து செய்ய வழி உண்டா என்று கேட்டு வந்தால், குற்றவாளி என்ற முடிவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது என்பதைத்தான் வழக்கறிஞராக நான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416-ஆம் பிரிவும், ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் அது சட்டப்படியானதா என்பதையும் மட்டுமே மேல்முறையீட்டில் கேள்வி கேட்க அனுமதிக்கின்றன. எஞ்சியிருப்பவை, கீழமை நீதிமன்றத்தின் உத்தரவு சட்டப்படி சரியா என்று மேல் நீதிமன்றத்தைப் பார்க்கக் கோரும் சீராய்வு மனுவும், நீதி தவறும் இடத்தில் தலையிட உயர் நீதிமன்றத்துக்கு உள்ள உள்ளார்ந்த அதிகாரமும்.

இப்படி வருபவர்களில் பெரும்பாலோர் தங்களைத் தண்டனை பெற்றவர்களாகவே நினைத்திருப்பதில்லை. என்னிடம் வந்த ஓர் இளைஞர், குடிதண்ணீர் கேட்டு ஊரே காலிக் குடங்களோடு நடத்திய சாலை மறியலில் நின்றவர். சட்டவிரோதக் கூட்டத்துக்கான 143, அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான 188 ஆகிய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளின் கீழ் வழக்கு. மறியல் முடிந்து ஓராண்டுக்கு மேலான பிறகு காவல்துறையின் இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) தாக்கலாகி, சம்மன் வந்தபோது, "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும் தம்பி" என்று யாரோ சொல்ல, வழக்கறிஞர் இல்லாமலே கட்டிவிட்டு வந்திருக்கிறார். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறி, முன்னடத்தை விசாரணை வந்தபோதுதான் அந்த ரசீதின் பின்னால் ஒரு தண்டனைத் தீர்ப்பு இருப்பது அவருக்குத் தெரிந்தது. "கேஸ் முடிஞ்சிருச்சுன்னுதானே சார் நினைச்சேன்" என்றார். முடிந்துதான் இருந்தது, அவருக்கு எதிராக.

இத்தகைய வழக்கில் எல்லாமே கீழமை நீதிமன்றக் கட்டில், அதாவது வழக்கு ஆவணத் தொகுப்பில், என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே கட்சிக்காரரின் கதையை முழுதாகக் கேட்பதற்கு முன்பே நகல் மனு போட்டுவிடுவேன். சிறு குற்றங்களுக்கான சம்மன் வழக்கில், குற்றச்சாட்டின் விவரங்களை நடுவர் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது இந்த வழக்குக்குப் பொருந்திய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 251-ஆம் பிரிவு. அவர் ஒப்புக்கொண்டால், அதைக் கூடுமானவரை அவர் பயன்படுத்திய சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும் என்றும், அதன் பேரில் தண்டிக்கலாம் என்றும் சொல்கிறது 252-ஆம் பிரிவு. தண்டிக்கலாம் என்பதுதான் சட்டம், தண்டித்தே ஆக வேண்டும் என்பதல்ல. அதற்கும் முந்தைய 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு இணையாக இருந்த 243-ஆம் பிரிவைப் பற்றி, மெட்ராஸ் மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கி, 1966-ஆம் ஆண்டு ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்பில் வெளியான தீர்ப்பு, இது வெறும் சடங்கல்ல என்றும், ஒருவரின் மேல்முறையீட்டு உரிமையே இதைச் சார்ந்திருப்பதால் இதை மீறினால் தண்டனை செல்லாது என்றும் கூறுகிறது. எங்கள் கட்டிலோ, கல்லூரி மாணவர் முதல் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி வரை எல்லா எதிரிகளின் பெயருக்கு எதிரிலும் அச்சடித்த ஒரே வாக்கியம் இருந்தது. நாள் முழுதும் சிறு வழக்குகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் நீதிமன்றத்தில் அது எப்படி நேர்கிறது என்பது எனக்குப் புரியாததல்ல. ஆனாலும் அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைப் பேசியிருக்க முடியாது.

இந்தக் குறையை மட்டும் வைத்து வாதிடுவதில் ஓர் ஆபத்து உண்டு, அதைக் கட்சிக்காரரிடம் மறைக்கக் கூடாது. சீராய்வு வென்றால் கிடைப்பது விடுதலை அல்ல, பெரும்பாலும் மறுவிசாரணைதான். அவர் மீண்டும் எதிரியாகக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும், காவலர் பயிற்சியோ அதற்காகக் காத்திருக்காது. எனவே ஒப்புதலைத் தாண்டிச் செல்லும் காரணங்களைத் தேடினேன். 188-ஆம் பிரிவுக் குற்றத்தை, சம்பந்தப்பட்ட அரசு ஊழியரின் எழுத்துப்பூர்வமான முறையீட்டின் பேரில் அல்லாமல் நீதிமன்றம் கோப்பில் எடுக்க, அதாவது விசாரணைக்கு ஏற்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு தடை விதிக்கிறது; காவல்துறை இதற்கு முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவாகத் தீர்ப்பளித்திருக்கிறார். 143-ஆம் பிரிவுக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை என்பதால், அதே நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவின்படி ஓராண்டுக்குள் நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். காலம் கடந்ததைப் பொறுத்துக்கொள்ளக் கோரும் மனு எதுவும் கட்டில் இல்லை. எதிரி தன் செயலை ஒப்புக்கொள்ளலாம், ஆனால் நீதிமன்றத்துக்குச் சட்டம் தராத அதிகாரத்தை அவரது ஒப்புதல் தர முடியாது என்பதே என் வாதத்தின் மையம்.

சீராய்வுக்கான 90 நாள் கெடு எப்போதோ கடந்திருந்ததால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. தண்டிக்கப்பட்டது தெரியாது என்று சொன்னால் அரசுத் தரப்பு உடனே ரசீதை எடுத்துக் காட்டும். தீர்ப்பு நகல் அவருக்குத் தரப்பட்டதற்குக் கட்டில் பதிவு ஏதும் இல்லாதது கைகொடுத்தது. தண்டனை ரத்தாகி, கோப்பில் எடுத்ததே செல்லாது என்று ஆனதால் மறுவிசாரணையும் இல்லை.

சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கையும் ரத்தான உத்தரவையும் சேர்த்தே எழுதச் சொன்னேன். வழக்கை மறைத்தால் அந்த மறைப்பே வேலையை மறுக்கத் தனிக் காரணமாகலாம், வெளிப்படையாகச் சொன்னால் அதன் தன்மையைப் பரிசீலிக்க இடமிருக்கும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016-இல் தெளிவாக்கியிருக்கிறது. அதே வழக்கில் அபராதம் கட்டிய மற்றவர்களிடமும் மனு போடலாம் என்று சொல்லியனுப்பினேன். பெரும்பாலும் விவசாயக் கூலிப் பெண்கள். இதற்காக ஒரு நாள் கூலியை இழக்க முடியாது என்று பதில் வந்தது. அவர்கள் மீதான தண்டனை இன்றும் அப்படியே இருக்கிறது.