தசைச்சிதைவுக்கும் 75 சதவீதம் வேணும்னு சொன்னா அப்படியே திரும்பி வந்துறாதீங்க

தம்பிக்கு மாற்றுத்திறனாளி பராமரிப்பு உதவித்தொகை ஒருவழியா சாங்ஷன் ஆயிருச்சு. மாசம் 2000, அக்கவுண்ட்ல ஏற ஆரம்பிச்சிருச்சு. சந்தோஷம்தான், ஆனா அலைஞ்ச அலைச்சலை நெனச்சா இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல, அதான் எழுதுறேன். வீட்ல தசைச்சிதைவு உள்ள புள்ளைங்கள வச்சிருக்கவங்க யாராச்சும் படிச்சா ஒரு நடையாச்சும் மிச்சமாகும்.

தம்பிக்கு 24 வயசு. ஸ்கூல் படிக்கிறப்பவே படி ஏற சிரமப்படுவான், அப்பறம் அடிக்கடி கீழ விழ ஆரம்பிச்சான், சிபிகேன்னு தசை பாதிப்பைப் பாக்குற பிளட் டெஸ்ட், ஜெனடிக் டெஸ்ட்டெல்லாம் எடுத்து தசைச்சிதைவுதான்னு உறுதியாகி வருஷக்கணக்காச்சு. நாங்க வாடிப்பட்டி பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்ல, அம்மா நூறுநாள் வேலைக்குப் போறாங்க, நான் பக்கத்துத் தெருவுலயே வாக்கப்பட்டிருக்கதால அவன் விஷயமா எங்கன்னாலும் நான்தான் போகணும்.

யு.டி.ஐ.டி. கார்டு ஏற்கனவே இருந்துச்சு, எப்பவோ ஒரு கேம்ப்ல வாங்கினது. மாற்றுத்திறனாளிங்களுக்கான அடையாள அட்டைதான் அது. அதுல ஊனம் 65 சதவீதம்னு இருந்துச்சு. அதையும் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, தம்பிய ஆட்டோல ஏத்திக்கிட்டு மாவட்ட மாற்றுத்திறனாளி நல ஆபீஸுக்குப் போனா, கவுண்டர்ல இருந்தவர் கார்டை ஒரே ஒரு பார்வை பாத்தார். "65 தானம்மா போட்டிருக்கு, 75 இருந்தாத்தான் குடுப்பாங்க, போயிட்டு வா"ன்னு திருப்பி நீட்டிட்டார். சார் இது தசைச்சிதைவு சார், ரிப்போர்ட் இருக்கு பாருங்கன்னு நான் ஃபைலைத் தொறக்குறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு. தம்பி வெளிய ஆட்டோலயே உக்காந்திருக்கான். அந்த ஆபீஸுக்கு ஏழெட்டுப் படி ஏறணும். சாய்தளம் இருக்கு, ஆனா அது மேல வரிசையா பைக் நிப்பாட்டிருக்காங்க. மாற்றுத்திறனாளிங்க தினமும் வந்து போற எடத்துல இப்படி நிப்பாட்ட எப்படித்தான் மனசு வருதோ.

மறுபடி போனப்ப வேற ஒருத்தர் இருந்தார். அவர் இன்னும் ஒருபடி மேல போய், இதை வாங்கினா உங்க அம்மாவுக்கு வர்ற மகளிர் உரிமைத்தொகை 1000 நின்னுபோயிரும், யோசிச்சுக்கங்கன்னு சொல்லிட்டார். அம்மா பயந்துபோய் "வேணாம்டி, இருக்கறதும் போயிரும், விட்ரு"ன்னு ஒரே புலம்பல். இது சுத்தப் பொய்ங்க. பராமரிப்பு உதவித்தொகை வாங்குற மாற்றுத்திறனாளி இருக்க குடும்பத்துக்கு அந்தத் திட்டத்துல விலக்கே குடுத்திருக்காங்க. சேர்த்து வாங்கக்கூடாதது எதுன்னா, தாலுகா ஆபீஸ் வழியா வர்ற மாற்றுத்திறனாளி பென்ஷன், அந்த 1500 ரூபாய். அதுவும் இதுவும் ரெண்டுல ஒண்ணுதான். ரெண்டையும் போட்டுக் குழப்பி எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பிருப்பாங்களோ.

அன்னைக்கு வெளிய மூணு சக்கர ஸ்கூட்டர்ல ஒரு அண்ணன் உக்காந்திருந்தாரு, போலியோவுல ரெண்டு காலும் வராது. நான் மூஞ்சியத் தொங்கப்போட்டு வர்றதைப் பாத்துட்டு அவரே கூப்பிட்டாரு. "என்ன தாயி, திருப்பி விட்டாய்ங்களா? கார்டைக் குடு பாப்போம்"னு வாங்கிப் பாத்துட்டு, "சதவீதத்தை விடு, இங்குட்டு என்ன எழுதிருக்குன்னு பாரு"ன்னு காட்டினாரு. குறைபாட்டு வகைன்னு இருக்க எடத்துல கை கால் இயக்கக் குறைபாடுன்னு போட்டிருக்கு, தசைச்சிதைவுன்னு இல்ல. இம்புட்டு நாளா அந்தக் கார்டு எங்க கையிலதான் இருக்கு, இதைப் பத்தி ஒரு ஆபீஸர் கூட ஒரு வார்த்தை சொல்லலையே. அந்த அண்ணனுக்கு காலத்துக்கும் நன்றி.

விஷயம் இதுதான். பொதுவா கை கால் குறைபாடுன்னா இந்த உதவித்தொகைக்கு 75 சதவீதம் வேணும். ஆனா அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்புன்னா 40 சதவீதமே போதும். 1995 சட்டத்துல மொத்தமே ஏழு வகைதான் இருந்துச்சு, 2016ல வந்த புதுச் சட்டத்துல 21 ஆக்கினப்பதான் தசைச்சிதைவும் பட்டியல்ல பேரோட வந்துச்சு. கேம்ப்ல எலும்பு டாக்டர் மட்டும் இருந்தா பாதிப் பேருக்கு கை கால்னே போட்டு விட்டுர்றாங்க, நம்மளும் கார்டு கெடச்சா போதும்னு வந்துர்றோம்.

அப்பறம் கார்டைத் திருத்தணும்னு இ-சேவை மையத்துல ஜெனடிக் ரிப்போர்ட்டையும் ஏத்தி மறுபடி போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரச்சொன்ன தேதியிலதான் போனோம், நரம்பு டாக்டர் லீவு. ஒரு போன் பண்ணி சொல்லக்கூடாதா? லிஃப்ட்டும் ஓடல, நானும் ஆட்டோக்கார அண்ணனும் ரெண்டு பக்கமும் தாங்கித்தான் மாடிக்குக் கூட்டிட்டுப் போனோம், போன அதே படியில அப்படியே எறக்கிக் கூட்டிட்டு வந்தோம். அன்னைக்கு நைட்டு காலு ரெண்டும் வலியில துடிச்சிட்டான், அழுகக்கூட இல்ல, "இனிமே வரமாட்டேன்க்கா"ன்னு மட்டும் சொன்னான். தயவுசெஞ்சு கெளம்புறதுக்கு முன்னாடி டாக்டர் வந்திருக்காரான்னு யாரையாச்சும் விட்டுக் கேட்டுட்டுக் கெளம்புங்க.

அடுத்த வாட்டி பாத்த டாக்டர் தங்கமான மனுஷன். கேம்ப்ல இவனைச் சேர்ல உக்கார வச்சே சுத்தியலால முட்டியத் தட்டிப் பாத்துட்டு எழுதிட்டாங்க. இவரு தரையில உக்காந்து எந்திரிக்கச் சொன்னாரு. நான் வழக்கம்போல அக்குள்ல கைய குடுக்கப் போனேன், "நீங்க விடுங்கம்மா, தம்பி எப்படி எந்திரிக்கிறாருன்னு நான் பாக்கணும்"னாரு. அவன் பொரண்டு கவுந்து, ரெண்டு கையையும் தரையில ஊனி, அப்பறம் ஒரு கையை மொழங்கால்ல, இன்னொரு கையை தொடையிலன்னு மாத்தி மாத்தி வச்சு தன் ஒடம்பத் தானே ஏறி நிமிந்து நின்னான். டாக்டர் ஒண்ணும் பேசல, முழுசா பாத்துட்டு எழுதினாரு. புதுக் கார்டுல 70 சதவீதம். 75 அப்பவும் இல்ல, ஆனா வகைங்கிற எடத்துல தசைச்சிதைவு!

அதைக் கொண்டுபோய்க் காட்டினா அந்த மொத ஆளு மறுபடியும் அதே 75 பாட்டு. இந்தத் தடவை நான் நகரல. சரி சார், 75 இல்லாததால தரமுடியாதுன்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னேன். அதெல்லாம் எழுதித் தரமுடியாதுன்னுட்டார்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனேன். வாசல்ல போலீஸ் மண்ணெண்ணெய் இருக்கான்னு பையையெல்லாம் செக் பண்ணித்தான் விடுவாங்க, தண்ணி பாட்டிலைக்கூடத் தொறந்து மோந்து பாத்தாங்க, அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. மனுவை ஒரே பக்கத்துல எழுதிக்கிட்டுப் போங்க. என்ன வகை, எத்தனை சதவீதம், எந்த உதவித்தொகை, யாரு என்ன காரணம் சொல்லித் திருப்பினாங்க, அவ்வளவு போதும், கண்ணீர்க் கதையெல்லாம் வேணாம். ரசீது வாங்காம மட்டும் வெளிய வந்துறாதீங்க. போகமுடியாதவங்க முதல்வர் உதவி மையம் 1100க்கு போன் பண்ணியும் பதியலாம். ரசீது நம்பர் விழுந்ததும் மாற்றுத்திறனாளி ஆபீஸ்ல இருந்தே போன் பண்ணிக் கூப்பிட்டாங்க, இந்தத் தடவை ஒரு மேடம் உக்கார வச்சு ஃபாரத்தை அவங்களே செக் பண்ணி வாங்கிக்கிட்டாங்க. வேற பென்ஷன் வாங்கலன்னு வி.ஏ.ஓ. கையெழுத்து கேட்டாங்க, அது ஒரே நாள்ல முடிஞ்சுச்சு.

பேங்க் விஷயத்துல உஷாரா இருங்க. தம்பியோடது ஸ்காலர்ஷிப்புக்கு ஓபன் பண்ணின பழைய அக்கவுண்ட், ரொம்ப நாளா போடாம எடுக்காம இருந்தா முடங்கிக் கெடக்கலாம். முன்னாடியே போய் கே.வொய்.சி. குடுத்து நூறு ரூபாயாச்சும் போட்டு எடுத்து வைங்க. வருஷா வருஷம் உயிரோட இருக்கார்னு வாழ்நாள் சான்று குடுக்கணும், அதை விட்டா பணம் நின்னுரும்.

இப்ப பேட்டரி வீல்சேருக்கு மனு போட்டிருக்கோம், தசைச்சிதைவு, முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்குக் குடுக்குறாங்க. அதுக்கும் கார்டுல வகை சரியா இருக்கணும். உங்க வீட்டுக் கார்டை இன்னைக்கே எடுத்து அந்த ஒரு வரிய மட்டும் பாத்துருங்க.