தேடத் தெரிந்தவர்களுக்கு நூலகர் எதற்கு?

மருத்துவ நூலகம் நடத்துகிற பட்டறைகளில் முதல் வரிசையில் இறுதியாண்டு மாணவர்கள் இருப்பார்கள். பின்னால் எம்.டி. படிக்கிற வைத்தியர்கள் சிலர், கதவோரம் சான்றிதழுக்காக வந்த இரண்டொருவர். சொந்தமாக நிதி பெற்று, சொந்தக் குழு வைத்து, வெளிநாட்டு இதழ்களில் எழுதுகிற சிரேஷ்ட விரிவுரையாளர்களை அங்கே காணக்கிடைக்காது. அவர்களில் எனக்குக் குறையில்லை. நூலகப் படி ஏறாமலேயே அவர்களுக்கு வேலை நடக்கிறது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளமான பப்மெட் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். காசு கட்டிப் படிக்கிற கட்டுரை என்றால் மெல்பேர்னிலோ லண்டனிலோ இருக்கிற பழைய மாணவனுக்கு ஒரு வாட்ஸ்அப் போதும். அதுவும் சரிவராவிட்டால், காசு கட்டவேண்டிய கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தருகிற சை-ஹப் தளம் 2011 இலிருந்து இருக்கிறது. அதைப் பற்றி நூலகரிடம் யாரும் வாய் திறப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பிலேயே தலை நரைத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார்: “பிள்ளை, இன்டெக்ஸ் மெடிக்கசைப் புரட்டித் தேடினவன் நான். எனக்கு நீர் தேடப் பழக்கப் போறீரோ?” நியாயமான கேள்வி. மருத்துவக் கட்டுரைகளின் பொருள்வாரிப் பட்டியலான இன்டெக்ஸ் மெடிக்கசின் அச்சுப் பதிப்பு 2004 உடன் நின்றது. அந்தத் தடித்த தொகுதிகளை மேசையில் விரித்து, பொருள்தலைப்புப் பிடித்து, குறிப்பு எழுதித் தேடிய தலைமுறை அது. அவர்களுக்கு ‘தகவல் எழுத்தறிவுப் பயிற்சி’ என்று அழைப்பு அனுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தத் தலைப்பை மாற்றுவோம் என்று கூட்டங்களில் சொல்லி வருகிறேன். இன்னும் அப்படியேதான் போகிறது.

தன்பாட்டில் வேலை செய்கிற ஆய்வாளரிடம் “ஏதாவது உதவி வேணுமா சேர்?” என்று போகக்கூடாது என்பது என் கட்சி. வேண்டாம் என்றுதான் பதில் வரும். அவருடைய கேள்வியைப் பற்றி, அவரே இன்னும் காணாத ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதற்கு முதலில் அவர் எழுதியதை வாசிக்கவேண்டும். எங்கள் தொழிலில் குறைவாக நடப்பது அதுதான்.

மலேரியா பற்றி எழுதுகிற ஒருவர் இருந்தார். இலங்கைக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இதை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. அதன்பின் இத்துறையில் இருப்பவர்களின் கவலை, அது திரும்பி வந்துவிடுமா என்பதுதான். மன்னார்க் கிணறுகளில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு காணப்பட்டதும் அந்தக் கவலை கூடியது. இவருடைய கட்டுரைகள் பெரும்பாலும் 1934–35 பெருந்தொற்றைச் சொல்லித் தொடங்கும். ஆனால் மேற்கோள் காட்டுவது எப்போதும் பிற்காலத்து மீளாய்வு ஒன்றைத்தான். பப்மெட்டின் அடித்தளமான மெட்லைன் தரவுத்தளத்தின் பதிவுகள் 1940களின் நடுப்பகுதிக்கு முன்னால் போவது அரிது. அதில் மட்டும் தேடுகிறவருக்கு 1935 என்றொரு வருடமே இல்லாத மாதிரித்தான்.

கொழும்பில் அந்த வருடம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி 1870 இல் தொடங்கியது, இலங்கை மருத்துவ சங்கம் 1887 இல், பொறளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 1900 இல். பழைய தொகுதி எந்த அலுமாரியில், திறப்பு யார் கையில் என்று தெரிந்திருந்தால், அதிகம் அலையாமல் எடுத்துவிடலாம். அக்காலத்து அறிக்கையொன்றின் பக்கங்களைப் பிரதியெடுத்து அவருக்கு அனுப்பினேன். பட்டறை விளம்பரம் எதையும் கூட வைக்கவில்லை. “சேர், உங்கள் மூன்றாவது மேற்கோளின் மூலம் இது. மீளாய்வில் விடுபட்ட ஒரு அட்டவணையும் இதில் உண்டு” என்று மட்டும் எழுதினேன்.

பதில் வரவில்லை. கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அவருடைய ஆய்வு உதவியாளர் வந்து நின்றார், “சேர் உங்களிட்டக் கேக்கச் சொன்னவர்” என்று. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். பெரியவர்கள் தாங்களாக வருவது குறைவு, பிள்ளைகளை அனுப்புவார்கள். அந்தப் பிள்ளையை நன்றாகக் கவனித்தால் போதும், செய்தி மேலே போய்விடும்.

தாங்களாகவே வருகிற சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. ஒரு கேள்வி பற்றி வெளிவந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் தேடித் தொகுக்கிற முறைசார் மீளாய்வுக் கட்டுரை ரிவியூவரிடமிருந்து திரும்பி வருகிற வாரம் அது. தேடிய ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் முழுத் தேடல் வரிகளையும் தரவேண்டும் என்கிறது இத்தகைய மீளாய்வுகளுக்கான வழிகாட்டியான பிரிஸ்மா 2020. இவர்களிடம் இருப்பதோ நாலு சொல். வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பேசப்படும், காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயை எடுங்கள். காரணவியலுக்கான ஆங்கிலச் சொல்லைப் பிரித்தானியர் ஒருவிதமாகவும் அமெரிக்கர் வேறுவிதமாகவும் எழுதுகிறார்கள். மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் காணப்படும் இதையொத்த நோய்க்கு வேறு பெயர். மேற்கோள் குறிக்குள் ஒரு சொற்றொடரை அடைத்துவிட்டால் பப்மெட் தானாகவே ஒத்த சொற்களையும் சேர்த்துத் தேடுவது நின்றுவிடும். இப்படியான தேடலைச் சரியாகக் கட்ட ஒரு பின்னேரம் போதாது.

ஆகையால் தொடக்கத்திலேயே கேட்டுவிடுகிறேன்: என் பெயர் நன்றியுரையிலா, ஆசிரியர் வரிசையிலா? மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியருக்கென்று நாலு நிபந்தனை வைத்திருக்கிறது. தேடலை வடிவமைத்து, அந்தப் பகுதியை எழுதி, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, பொறுப்பும் ஏற்றால் நூலகரும் ஆசிரியர்தான். முதலில் முகம் சுளிப்பார்கள். ஆனால் தன் வேலைக்கு விலை தெரிந்தவரைத்தான் இவர்கள் மதிப்பார்கள் என்று எனக்குப் படுகிறது. இலவச எடுபிடிக்கு மரியாதை கிடைக்காது.

நம்பமுடியாதவை என்று தெரிந்து, வெளியான பின் மீளப்பெறப்பட்ட கட்டுரைகளின் கதை வேறு. கொவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றி லான்செட் இதழ் 2020 மே மாதம் வெளியிட்ட கட்டுரை, இரண்டு வாரத்தில், ஜூன் தொடக்கத்தில் மீளப்பெறப்பட்டது. அப்படியானவற்றை மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்னும் உண்டு. மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளான சொட்டெரோவில் பட்டியலை ஏற்றினால் 2019 இலிருந்து அது தானாகவே எச்சரிக்கும். இளையவர்கள் அதைப் பார்த்துப் பிடித்துவிடுகிறார்கள். வேர்டில் கையால் மேற்கோள் தட்டுகிற மூத்தவர்கள்தான் மாட்டுகிறார்கள். அப்போது மின்னஞ்சல் போடக்கூடாது, துறைத்தலைவருக்குப் பிரதி வைப்பது அதைவிட மோசம். தொலைபேசியில், தனியே, ஒரு நிமிடம் பேசினால் காரியம் முடிந்தது.

இன்டெக்ஸ் மெடிக்கஸ் பேராசிரியருக்கும் அப்படியொரு அழைப்பு எடுக்க நேர்ந்தது. கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “வேற ஆருக்கும் சொன்னனீரோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப மற்றக் கட்டுரையின்ர பட்டியலையும் அனுப்பிறன், ஒருக்காப் பாத்துவிடும். வெள்ளிக்கிழமைக்கு முதல் வேணும்.”