அம்மாவின் பிறப்புப் பதிவும் ஒரு சிங்களக் கடிதமும்

அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. காலங்கடந்த பதிவுக்கு என்னென்ன கேட்பார்கள் என்று இலங்கை மலையகத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லாம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். சிக்கல் அப்புறம் வந்த கடிதத்தில்தான்.

பிரதேச செயலகம் அனுப்பிய அந்தக் கடிதம் முழுக்கச் சிங்களம். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிங்களம் பேசுகிறவர்கள் நிறையப் பேர், வாசிக்கிறவர்தான் இல்லை. த்ரீவீல் ஓட்டும் தம்பி ஒருவர் எழுத்துக்கூட்டிப் பார்த்து, "ஜிஎஸ் கடிதம் கேக்கிறாங்க அக்கா" என்றார். கிராம சேவகரிடம் அதை வாங்கிக்கொண்டு போனோம். அம்மாவுக்கு அன்றைய பேர் (நாட்கூலி) போனது, எனக்குக் கடையில் சம்பளம் வெட்டு. கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைத் திருப்பி, "பின்பக்கத்தில் சத்தியக் கடதாசியும் கேட்டிருக்கிறதே, வாசிக்கவில்லையா?" என்றார், அதுவும் சிங்களத்தில். சத்தியக் கடதாசி என்றால் சத்தியம் செய்து கையெழுத்துப் போடும் பத்திரம்.

தமிழில் ஒரு கடிதம் தாருங்கள் என்றேன். தமிழ் தெரிந்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம், வெளியே கொடுத்து மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டுமாம். அரசாங்கம் எனக்கு எழுதியதை நான் காசு கொடுத்து வாசிக்க வேண்டும்! டவுனில் மொழிபெயர்ப்பாளர் சொன்ன தொகையைக் கேட்டு அம்மா, "வேணாம் புள்ள, வா போவோம்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தோட்டப் பள்ளிக்கூட டீச்சர்தான் வழி சொன்னார். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லியாயிற்று. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைப் பாருங்கள்: நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் பிரதேசமாகவே இருந்தாலும், அலுவலரோடு தமிழில் எழுதவும் அவரிடமிருந்து தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. அதற்கும் மேலே, நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த பிரிவுகளை 1999லேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் போட்டிருக்கிறார்கள். ஆள் போடத்தான் மறந்துவிட்டார்கள் போல.

இந்த முறை வாயால் கேட்கவில்லை. உறுப்புரை எண்ணைக் குறிப்பிட்டுத் தமிழில் எழுதி, இரண்டு பிரதி கொண்டுபோனேன். ஒன்றில் திகதி முத்திரை குத்தித் தரச் சொன்னேன். இது முக்கியம், முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான். முதலில் அதே பதில். "சரி சேர், தமிழில் தர ஆள் இல்லை என்று இதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், ராஜகிரியவுக்கு அனுப்ப வேண்டும்" என்றேன். ராஜகிரியவில் இருப்பது அரசகரும மொழிகள் ஆணைக்குழு, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தவர் ஒன்றும் பேசாமல் முத்திரையைக் குத்தினார்.

தமிழ்க் கடிதம் தபாலில் வந்தது. எழுத்துப் பிழை நிறைய, ஆனால் என்ன வேண்டும் என்று அம்மாவே வாசித்துப் புரிந்துகொண்டார். ஜேபியிடம் (சமாதான நீதவான்) சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்ததும் மீதி வேலை தானாக நடந்தது.

உங்களுக்கு முத்திரை குத்த மறுத்தால் கவுண்டரில் சண்டை போடாதீர்கள். பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆணைக்குழுவுக்கு முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்; வந்த சிங்களக் கடிதத்தின் போட்டோகொப்பியை மட்டும் கட்டாயம் இணையுங்கள்.